இரண்டு கார்டா, ஒரு கார்டா

தங்கராஜு மூன்று வாரம் தருவதாகச் சொன்னார். மார்ச் ஏழாம் தேதி, திங்கட்கிழமை காலையில், பாய்லர் அறையின் வரைபடம் அவர் மேசையில் இருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் மீதி ஐம்பத்தேழு படங்களும் பிரிஜட்டுக்கும் சல்மாவுக்கும். இல்லையென்றால் தஞ்சோங் பகாரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு.

"எப்படிச் செய்வீங்க, எதுல செய்வீங்கன்னு நான் கேக்கமாட்டேன். தப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். தொழிற்சாலைகளுக்கு பாய்லரும் பைப்பும் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். கிராஞ்சியில் கோழித்தீவனம் தயாரிக்கும் ஆலை ஒன்று தன் பழைய பைப்புகளை மாற்ற நினைத்தது. ஐம்பத்தெட்டுப் படங்களும் டிரேசிங் பேப்பரில், மடிப்பு மடிப்பாக மஞ்சளேறி இருந்தன. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித்தர வேண்டும் என்பது ஆலையின் நிபந்தனை. தங்கராஜு அதற்கென்றே போன வருடம் வரைபட சாப்ட்வேர் ஒன்றை விலை கொடுத்து வாங்கியிருந்தார். அலுவலகத்தில் இரண்டு பேர் முயன்று பார்த்துவிட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். இப்போது அந்தப் பெட்டியையும் பாய்லர் அறைப் படம் இருந்த டிரேசிங் பேப்பர்ச் சுருளையும் பிரிஜட்டின் கையில் கொடுத்தார்.

பிரிஜட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. உம்மு சல்மாவுக்கு முப்பத்தாறு. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் டிராயிங் ஆபீசில் ஒன்பது வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை செய்தவர்கள். பிரிஜட் கோடு போடுவாள். சல்மா அந்தக் கோட்டைச் சரிபார்ப்பாள். எத்தனை பைப், எத்தனை வால்வ், எந்த அளவு என்று சாமான் பட்டியல் எழுதுவாள். எண்பத்தைந்தாம் வருடக் கடைசியில் வேலை குறைந்தபோது, ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேரைக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. அதன் பிறகு பிரிஜட் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் இடத்தில் உட்கார்ந்தாள். சல்மா ரேடியோ பாகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். ஆனால் இரண்டு பேரும் வாரம் மூன்று மாலை ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருடம், விடாமல். வகுப்பில் சேர்ந்த இருபத்திரண்டு பேரில் கடைசிவரை வந்தவர்கள் ஒன்பது பேர்தான்.

வகுப்பு முடிந்ததும் அந்த வேலைகளை விட்டுவிட்டு, ஆட்குறைப்புப் பணத்தில் கூட்டாகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, ஆங் மோ கியோவில் பிரிஜட்டின் மூவறை வீட்டு ஹாலில் வைத்திருந்தார்கள். அதற்குள் திரையை இயக்கச் செருகியிருந்த கார்டு எழுத்தை மட்டும்தான் காட்டும். மஞ்சள் எழுத்து, அழகாக, கூர்மையாகத் தெரியும். ஆனால் ஒரு கோடுகூடப் போட முடியாது. படம் காட்டும் கார்டு ஒன்றும் அதற்கேற்ற திரையும் வாங்கினால்தான் வேலையைத் தொடங்கவே முடியும். அதற்கு இருவரும் சேர்ந்து ஒதுக்க முடிந்த பணம் ஆயிரத்து நானூறு வெள்ளி.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த புதன்கிழமை சீனப் புத்தாண்டு. செவ்வாய் மதியத்திலிருந்து கடைகள் மூடிவிடும். திறக்க ஒரு வாரம்கூட ஆகலாம்.

"திங்கட்கிழமைக்குள்ள வாங்கலன்னா மூணு வாரம் ரெண்டு வாரம் ஆயிடும்" என்றாள் பிரிஜட், மாடிப்படி இறங்கும்போதே.

ஜாலான் புசார் பக்கம் கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றில் அஹமது கபீர் ரிப்பேர் வேலை பார்த்தான். வகுப்பில் கடைசிவரை வந்த ஒன்பது பேரில் அவனும் ஒருவன். முப்பது வயது இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் தலையைச் சொறிவான். பிறகு பொய் கலக்காமல் பதில் சொல்வான். நேராக அவனிடம் போனார்கள்.

"ஒரே கலர்ல படம் காட்டுற கார்டு இருக்கு. அதான் ரொம்ப மலிவு" என்று தொடங்கினான்.

"ஆறு வகை பைப் இருக்கு தம்பி. ஸ்டீம், தண்ணி, டீசல், காத்து... எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சா எதை எதுன்னு பாக்குறது?" என்றாள் சல்மா.

கபீர் தலையைச் சொறிந்தான். "அப்ப ரெண்டு வழி இருக்கு, அக்கா. ஒண்ணு, உங்க எழுத்து கார்டு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல சாதாரண கலர் கார்டு ஒண்ணு போட்டுடலாம். ஒரே மெஷின், ரெண்டு கார்டு, ரெண்டு ஸ்கிரீன். இடது பக்கம் எழுத்தும் லிஸ்ட்டும் ஓடும், வலது பக்கம் படம் மட்டும். எழுநூறு வெள்ளியில முடிஞ்சிடும். இன்னொண்ணு, நல்ல கார்டு ஒண்ணே ஒண்ணு. கோடு நுணுக்கமா வரும், பதினாறு கலர். ஆனா அதுக்குத் தனி ஸ்கிரீன் வேணும். ரெண்டும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூத்தம்பது."

"நல்ல கார்டோட எங்க பழைய ஸ்கிரீனையும் வச்சுக்கலாமா?" என்று கேட்டாள் பிரிஜட்.

"வச்சுக்கலாம், காசு இருந்தா. உங்ககிட்ட பத்தாது லா. பழைய கார்டையும் ஸ்கிரீனையும் என்கிட்ட கொடுத்தா முதலாளிகிட்ட பேசி இருநூறு குறைக்கிறேன். அப்ப உங்க கணக்குக்கு வரும்."

சல்மா தயங்கவே இல்லை. "ரெண்டு கார்டு" என்றாள். "எழுநூறு வெள்ளி மிச்சம். ரெண்டு ஸ்கிரீன் வேற. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

பிரிஜட்டுக்கு உடனே தலையாட்ட வரவில்லை. "ரெண்டுலயும் வேலை செஞ்சு பாக்கணும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம். எங்க படத்தையே போட்டுப் பாக்கணும்" என்று கபீரிடம் சொன்னாள்.

"முதலாளி திட்டுவார் அக்கா."

"நான் கேக்குறேன்."

கேட்டாள். முதலாளி பெரிய கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, புத்தாண்டுக் கூட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை என்று மலாயில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன், மூலையில் ஒரு மேசை போதும், ஆயிரத்துக்கு மேல் செலவழிக்கப் போகிறேன், பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று பிரிஜட்டும் மலாயில் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. நகரவும் இல்லை. பின்னால் வரிசை சேர்ந்ததும் அவர் கையை அசைத்துச் சரி என்றார்.

ஞாயிறு காலை லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் பிரிஜட் அங்கிருந்தே நடந்து போனாள். சல்மா கடை வாசலில் காத்திருந்தாள். கபீர் மூலையில் மேசை போட்டு, ஒரு மெஷினில் இரண்டு கார்டும் செருகி, இரண்டு திரைகளையும் அருகருகே வைத்திருந்தான்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரிஜட் வலது திரையில் கோடு போட, இடது திரையில் அந்தக் கோட்டின் நீளமும் புள்ளிகளும் வரி வரியாக ஓடின. சல்மா நாற்காலியை இடது பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நீங்க போடப் போட நான் இங்க செக் பண்ணிடுவேன். பட்டறையில இருந்த மாதிரியே" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை இரண்டு வருடமாக பிரிஜட் பார்த்ததில்லை.

பாய்லர் அறையின் பின்சுவரை எடுத்துக்கொண்டாள் பிரிஜட். படத்திலேயே சிக்கலான இடம் அதுதான். ஆவி போகும் ஸ்டீம் பைப்பும், ஆவி குளிர்ந்து தண்ணீராகித் திரும்பி வரும் பைப்பும் சுவரை ஒட்டி ஒரு சாண் இடைவெளியில் ஓடின. இரண்டையும் போட்டுவிட்டு முழு அறையையும் திரைக்குக் கொண்டுவந்தாள். இரண்டு பைப்பும் ஒன்றாகிவிட்டன. ஒரே தடித்த கோடு, அதுவும் படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து. நிறம் வேண்டுமென்று மாற்றிப் பார்த்தாள். நான்கு நிறம் வந்தது, ஆனால் கோடு இன்னும் முரடானது. பெரிதாக்கினால் இரண்டும் பிரிந்து தெரியும்; ஆனால் ஒவ்வொரு முறை பெரிதாக்கவும் சிறிதாக்கவும் திரை முழுதும் புதிதாக வரைந்து முடிய முக்கால் நிமிடம் ஆனது. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பெரிதாக்கினாள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குச்சி போட்டுக்கொண்டே வந்தாள். முப்பத்தொன்று.

பிறகு கபீர் இரண்டு கார்டுகளையும் கழற்றிவிட்டு நல்ல கார்டைச் செருகினான். அதே பின்சுவர். முழு அறையும் திரையில் இருக்கும்போதே இரண்டு கோடுகள், நடுவில் மயிரிழை போல இருட்டு. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஒரு மணி நேரத்தில் ஒன்பது குச்சி. ஆனால் எழுத்துக்குத் திரையின் அடியில் மூன்றே வரி இடம்தான் இருந்தது. பட்டியலைப் பார்க்க வேண்டுமென்றால் படம் மறைந்துவிடும். சல்மாவின் நாற்காலி இப்போது எதற்கும் எதிரில் இல்லை. அவள் கொஞ்ச நேரம் பிரிஜட்டின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த டிஸ்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேக்கா சந்தையில் கோப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். புத்தாண்டுக்குக் காய்கறி வாங்க வந்த கூட்டம் இடித்துக்கொண்டு போனது. பிரிஜட் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். முப்பத்தொன்று, ஒன்பது.

"புரியுதுக்கா. எனக்கும் எண்ணத் தெரியும்" என்றாள் சல்மா.

"அப்புறம் என்ன?"

"ரெண்டு ஸ்கிரீன்னா ரெண்டு பேரு. ஒரு ஸ்கிரீன்னா ஒரு ஆள்தான். நீங்க கோடு போடுவீங்க. நான் என்ன செய்றது? உங்களுக்கு டீ போட்டுத் தரவா?" கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "பாதிக் காசு என்னது. அதைச் சொல்லிக் காட்டல. ஆனா அந்த மெஷின்ல எனக்கு ஒரு இடம் வேணும்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல பிரிஜட்டுக்கு வரவில்லை. அது அவளுக்கு எப்போதுமே வராது. "அந்த ரெண்டு பைப்பும் எனக்கு ஒண்ணாத் தெரிஞ்சுது சல்மா. கண்ணுக்கு ஒண்ணாத் தெரியறதை நான் சரியாப் போட்டிருக்கேன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? தங்கராஜு தப்பு இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னார். வேற எதுவும் சொல்லல" என்றாள். சல்மாவின் கேள்விக்கு அது பதில் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டில் கணவர் சிலுவைராஜ் கேட்டுவிட்டு, "காசு மிச்சமாகுற வழி எது?" என்றார். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிரிஜட் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சல்மா. தோ பாயோவிலிருந்து, மூன்று மாதம் முன்னால் ஓட ஆரம்பித்த ரயிலில் வந்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேசத் தொடங்கினாள்.

"நல்ல கார்டே வாங்கலாம். ஆனா ஒரு கண்டிஷன். காலையில ஏழுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நீங்க. ஒரு மணிலேர்ந்து ஏழு வரைக்கும் நான். பட்டறையில ஷிஃப்ட் ஓடுச்சே, அந்த மாதிரி. நான் லிஸ்ட் மட்டும் எழுதமாட்டேன். கோடும் போடுவேன்."

"நீ கோடு போட்டு—"

"போட்டதில்ல. தெரியும். வகுப்புல கத்துக்கிட்டது போதாதுன்னும் தெரியும். நான் உட்கார்ந்திருக்கும்போது நீங்க மவுசைத் தொடக் கூடாது. தப்பாப் போட்டாலும் தொடக் கூடாது."

பிரிஜட் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று வாரத்தில் பாதி நேரம், கோடு போட்டுப் பழக்கமில்லாத கையில் போகப் போகிறது. கணக்குப்படி அது பைத்தியக்காரத்தனம். ஆனால் சல்மா ஒன்பது வருடத்தில் ஒரு பட்டியலைக்கூடத் தப்பாகக் கொடுத்ததில்லை.

"தொடமாட்டேன்" என்றாள்.

பழைய மஞ்சள் திரையைத் துணியில் சுற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு டாக்சியில் ஏற்றினார்கள். கடையில் அதைக் கொடுக்கும்போது கபீர், "இதைக் கொடுத்துட்டா திரும்ப ரெண்டு ஸ்கிரீனுக்குப் போக முடியாதுக்கா. பரவாயில்லையா?" என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டான். "போட்டுக் கொடு தம்பி" என்றாள் சல்மா.

முதல் நான்கு நாள் மோசமாகப் போனது. சல்மா போட்ட பைப்புகளின் முனைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சேர்ந்த மாதிரி இருக்கும், பெரிதாக்கினால் நடுவில் விரிசல் தெரியும். பிரிஜட் சமையலறையிலிருந்து மூன்று முறை வெளியே வந்தாள். மூன்று முறையும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். நான்காம் நாள் ரொட்டி வாங்கவென்று கீழே இறங்கிப் போய் ஒரு மணி நேரம் கழித்து ரொட்டி இல்லாமல் வந்தாள்.

ஐந்தாம் நாள் அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. சல்மா தன் வேலையை முடித்து டிஸ்கில் எழுதும்போது, அன்று காலை பிரிஜட் எழுதி வைத்திருந்ததன் மேலேயே முந்தின நாள் படத்தில் தான் தொடர்ந்து போட்டதை எழுதிவிட்டாள். பிரிஜட்டின் ஆறு மணி நேர வேலை, மேற்குச் சுவர் முழுவதும், போய்விட்டது. சல்மா அதை மறைக்கவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்று, "அக்கா, உங்க காலை வேலையை அழிச்சிட்டேன்" என்றாள்.

பிரிஜட் அடுப்பை அணைத்தாள். வாய் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் கதவைத் திறந்து, லிஃப்டைப் பார்க்காமல் பதினோரு மாடியும் படியில் இறங்கினாள். கீழே கூடத்தில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்களைத் தாண்டி, பிளாக்கை இரண்டு முறை சுற்றினாள். திரும்பி வந்தபோது சல்மா இன்னும் மெஷின் முன்னால்தான் இருந்தாள். திரையில் மேற்குச் சுவரின் முதல் பைப் வந்திருந்தது.

"நீ வீட்டுக்குப் போ. பிள்ளைங்க பாத்துட்டு இருக்கும்."

"அவங்க எங்க உம்மா வீட்டுல இருக்காங்க. போன் பண்ணிட்டேன். ஏழு மணி வரைக்கும் என் நேரம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றேன். இதை நான்தான் போடணும். நீங்க அளவை மட்டும் படிங்க."

மறுநாள் காலை அவள் சொன்னபடியே வந்தாள். பிரிஜட் டிரேசிங் பேப்பரில் அளவை வாசிக்க வாசிக்க, சல்மா மேற்குச் சுவர் முழுவதையும் தானே போட்டாள். ஆறு மணி நேரம் எடுத்த வேலை அவளுக்கு ஒன்பது மணி நேரம் எடுத்தது. ஆனால் முடித்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு முனையிலும் விரிசல் இல்லை. பிரிஜட் ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தாள். பிறகு இரண்டு டிஸ்க் எடுத்து, ஒன்றில் 'காலை' என்றும் இன்னொன்றில் 'மதியம்' என்றும் எழுதி ஒட்டினாள். அதற்குப் பிறகு எதுவும் அழியவில்லை.

இரண்டாம் வார நடுவில் சல்மா வேறொன்றைக் கண்டுபிடித்தாள். சாப்ட்வேரோடு வந்த தடித்த புத்தகத்தை ரயிலில் வரும்போதெல்லாம் படித்துக்கொண்டிருந்தாள். வால்வை ஒவ்வொரு முறையும் கோடு கோடாகப் போட வேண்டியதில்லை. ஒரு முறை போட்டு வைத்துவிட்டால் முத்திரை குத்துவதுபோல எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். அது வகுப்பிலேயே சொன்னதுதான். ஆனால் அப்படி வைக்கும்போதே வால்வின் எண், அளவு, எந்த பைப்பில் இருக்கிறது என்பதையும் அதனுள்ளே எழுதிவிடலாம் என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. எல்லாம் முடிந்ததும் ஒரு கட்டளை போட்டால் மெஷினே படத்திலிருந்து பட்டியலை எடுத்துக் கொடுத்துவிடும்.

மூன்று நாள் அதிலேயே மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் மாலை நூற்றுப் பன்னிரண்டு வால்வுகளும் எண்ணோடு, அளவோடு வரிசையாகத் திரையில் ஓடின.

"பாத்தீங்களா? லிஸ்ட்டுக்குத் தனி ஸ்கிரீன் வேணாம். லிஸ்ட் படத்துக்குள்ளயே இருக்கு" என்றாள்.

பிரிஜட் அந்தப் பட்டியலை டிரேசிங் பேப்பரோடு வைத்து எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. "பட்டறையில இது இருந்திருந்தா நமக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே வேலை போயிருக்கும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

மார்ச் ஏழாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் படம் தங்கராஜுவின் மேசையில் இருந்தது. வெள்ளிக்கிழமையே ஒரு கடையில் கொடுத்துப் பெரிய தாளில் ஆறு நிறத்தில் அச்செடுத்திருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழைய படத்தை ஒரு கையிலும் பென்சிலை ஒரு கையிலும் பிடித்து, ஒவ்வொரு பைப்பாகப் போனார். நாற்பது நிமிடம் ஆனது. பின்சுவருக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"நாற்பத்தேழாம் நம்பர் வால்வு. பழைய படத்துல ஸ்டீம் பைப்புல இருக்கு. நீங்க கீழ் பைப்புல, தண்ணி திரும்பி வர்ற பைப்புல வச்சிருக்கீங்க. தப்பு."

பிரிஜட் குனிந்து பார்த்தாள். பழைய படத்தில் இரண்டு பைப்பும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. வால்வின் குறி இரண்டையும் தொட்டது.

"தப்பு இல்ல சார்" என்றாள் சல்மா.

"நான் இருபது வருஷமா இந்த மாதிரிப் படத்தைப் பாக்குறேன்மா."

"பழைய படத்தோட மூலையில ஒரு லிஸ்ட் இருக்கு சார். ஸ்டீம் வால்வு பத்தொன்பதுன்னு போட்டிருக்கு. நாற்பத்தேழையும் ஸ்டீம்ல சேர்த்தா இருபது ஆயிடுது. கீழ் பைப்புல சேர்த்தாத்தான் ரெண்டு எண்ணிக்கையும் சரியா வருது. அது கீழ் பைப்போட வால்வு."

தங்கராஜு விரலை வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கண்ணாடியைக் கழற்றினார். "லிஸ்ட் தப்பா இருந்தா?"

"போய்ப் பாத்துடலாம்" என்றாள் பிரிஜட்.

"கிராஞ்சிக்கா?"

"இப்பவே போகலாம் சார். எங்களுக்கு வேற வேலை இல்ல."

அவரே லாரியை ஓட்டினார். இரண்டு பெண்களும் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். படச் சுருள் அவர்கள் மடியில் குறுக்கே கிடந்தது. ஆலைக்குள் தீவனத்தூசி காற்றில் மிதந்தது. சல்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பாய்லர் அறையில் பேசுவது கேட்காத அளவு இரைச்சல். அங்கே பைப் வேலை செய்யும் பிட்டர் ஒருவர் டார்ச் எடுத்து வந்து, பின்சுவருக்கும் பாய்லருக்கும் நடுவில் இருந்த இடுக்கைக் காட்டினார். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். தங்கராஜுவின் உடம்பு நுழையாது. சல்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளியே நின்ற பிரிஜட்டுக்கு டார்ச் வெளிச்சம் மட்டும் சுவரில் நகர்வது தெரிந்தது. பைப்புகள் மேல் வெப்பம் தாங்கத் தடித்த துணி சுற்றியிருந்தது. எது எதுவென்று தெரியவில்லை போல. பிட்டரும் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் சல்மா தலையில் ஒட்டடையோடு வெளியே வந்து, தங்கராஜுவின் காதருகே கத்தினாள்.

"வால்வு கீழ் பைப்புலதான் இருக்கு, சார். கையால தொட்டுப் பாத்தேன். மேல் பைப்பை விட சூடு கம்மி."

பிட்டரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

தங்கராஜு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரிஜட் படத்தை விரித்து எதிர்ப்பக்கம் நடந்துவிட்டாள். வந்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வடக்கு மூலையில் நின்றாள். ஆவியை வெளியே விடும் பைப் தூணுக்கு இடது பக்கம் மேலே ஏறிக் கூரையைத் துளைத்தது. படத்தில் அது வலது பக்கம் இருந்தது. பழைய படத்தைப் பிரித்துப் பார்த்தாள். இடது பக்கம்தான். அது காலை வேலை. அவளே போட்டது.

யாரும் கவனிக்கவில்லை. தங்கராஜு பிட்டரோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்த் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு கணம் அப்படி நினைத்தாள். பிறகு தங்கராஜுவின் கையைத் தட்டிக் கூப்பிட்டு, தூணையும் படத்தையும் காட்டினாள்.

"இது தப்பு சார். நான் போட்டது. பழைய படத்துல சரியா இருக்கு, நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

அவர் தூணை நிமிர்ந்து பார்த்தார். படத்தைக் குனிந்து பார்த்தார். "நான் காலையில பாத்தப்ப இது கண்ணுல படலியே" என்றார்.

"பட்டிருக்கணும்."

வெளியே வந்து லாரிப் பக்கத்தில் நின்று அவர் சிகரெட் பற்ற வைத்தார். தப்பு இருக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார், இருந்தது. சிகரெட் பாதி முடிந்ததும் அவர் சொன்னார்:

"ஐம்பத்தேழும் இப்பத் தரமாட்டேன். இருபத்தைந்து தர்றேன். அதைப் பாத்துட்டு மீதி. ஒவ்வொரு படத்தையும் அச்செடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் இங்க வந்து நேர்ல பாக்கணும். லாரி செவ்வாயும் வெள்ளியும் வரும், ஏறிக்குங்க. அந்தத் தூண் பைப்பைத் திருத்தி நாளைக்குக் கொண்டாங்க."

"இன்னிக்குச் சாயங்காலமே கொண்டு வர்றோம்" என்றாள் பிரிஜட்.

ஆங் மோ கியோவில் அவர்களை இறக்கிவிட்டபோது மணி இரண்டரை. லிஃப்டில் பதினோராம் மாடி ஏறி, பிரிஜட் கதவைத் திறந்து, கையைக்கூடக் கழுவாமல் மெஷினைத் தட்டிவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

சல்மா குளியலறையில் முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, மணி என்ன?"

பிரிஜட் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்: ஒரு மணி தாண்டிவிட்டது, சல்மாவின் நேரம். எழுந்துகொண்டாள்.

சல்மா உட்கார்ந்து 'காலை' டிஸ்கைச் செருகினாள். திரையில் பாய்லர் அறை மேலிருந்து கீழாக, சிவப்பும் பச்சையும் நீலமுமாக வரத் தொடங்கியது. பிரிஜட் சாப்பாட்டு மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். மவுசைத் தொடாமல் மடியில் கையைக் கோத்துக்கொண்டாள்.

"தூணுக்கு எத்தனை அங்குலம் இடது பக்கம்?" என்று கேட்டாள் சல்மா.

"பதினாலு" என்றாள் பிரிஜட்.